எட்டு விநாடி எஞ்சின்

புன்னைக்காயல்
6.11.2024

அன்புள்ள ஜான்ஹவி அக்காவுக்கு,

சலேத்மேரி எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் இன்றைக்கு வரை நலம். போனில் பேசப் பயம், அதனால்தான் கடிதம். பதினோரு வருடமாக உங்கள் வானொலி நிகழ்ச்சிகளைப் பாராட்டியே எழுதியவள், இன்றைக்கு வேறு விஷயம் எழுதுகிறேன்.

பிடிக்கக்கூடாது என்று தடை போட்டிருக்கிற கடல் அட்டையைக் கடத்துகிறவர்களைப் பற்றி என் வீட்டுக்காரர் மனுவேல் உங்களிடம் பேசியது நேற்று ரேடியோவில் வந்தது. பெயர் வராது என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினீர்கள். குரலையும் பானைக்குள் இருந்து பேசுகிற மாதிரி மாற்றியிருந்தீர்கள். எனக்கே யாரோ போலிருந்தது. ஆனால் பேச்சுக்கு முன்னால் ஒரு எஞ்சின் சத்தத்தை விட்டிருந்தீர்களே, ஏன் அக்கா? இரண்டு இருமல், அப்புறம் ஒரு விசில். வலை பின்னுகிற இடத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஜெரால்டு அண்ணன், "ஏலே, இது மனுவேலு வள்ளம்லா!" என்றிருக்கிறார். இருட்டில் கரைக்கு வருகிற வள்ளத்தை நாங்கள் சத்தத்தை வைத்துத்தானே இன்னாருடையது என்று சொல்வோம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடுவீர்களாமே. வேண்டாம் அக்கா.

உங்கள் சலேத்

தூத்துக்குடி
8.11.2024

என் சலேத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஞாயிறு மறுஒலிபரப்பை நிறுத்திவிட்டேன். மேலதிகாரி காரணம் கேட்டார். ஒலிப்பதிவில் கோளாறு என்றேன். கோளாறு என்னிடம்தான்.

குரலை மாற்ற மூன்று நாள் உட்கார்ந்தேன். அந்த எட்டு விநாடி எஞ்சின் சத்தத்தை வெட்ட மட்டும் மனம் வரவில்லை. அவ்வளவு அழகாயிருந்தது. தற்காலிக அறிவிப்பாளராக நுழைந்து, தயாரிப்பாளராகி, பத்தொன்பது வருடம் ஆகிறது. போகிற ஊரின் சத்தத்தையெல்லாம் பிடித்துச் சேர்த்துவைப்பது என் பைத்தியம். தென்திருப்பேரையில் அம்மா, "ஊர்ல எல்லாரும் பொன்னுக்கு அலையறா, நீ சத்தத்துக்கு அலையறே" என்பாள். என் காதுக்குத் தப்பியது எதுவும் இல்லை என்று பெருமையடித்துக்கொண்டவள் நான். உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது எனக்குத் தோன்றவில்லையே.

போலீசில் எழுதிக் கொடுப்போம், நானும் கூட வருகிறேன். அவரைக் கடலுக்கு அனுப்பாதே.

ஜான்ஹவி

புன்னைக்காயல்
13.11.2024

அக்கா,

வந்துவிட்டார்கள். நேற்று மத்தியானம், மூன்று பேர். சத்தம் போடவில்லை. வாசலில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தார்கள். பிறகு இவரைக் கரைக்குக் கூட்டிப் போனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். "மனுவேலு, எஞ்சின ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணு, கேப்போம்" என்றான் ஒருவன். அவன் கையில் போன், அதில் யாரோ பதிந்துவைத்த உங்கள் நிகழ்ச்சி. இவர் கயிற்றை இழுத்தார். இருமல் இரண்டு, விசில் ஒன்று. அவன் போனையும் எஞ்சினையும் மாற்றி மாற்றிக் கேட்டான். "சரி, வாரோம்" என்றான். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

போலீஸ் வேண்டாம் என்கிறார் இவர். நாளைக்குப் பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போகிறோம். எங்கே என்று எழுதமாட்டேன். உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது அக்கா. எங்கள் சத்தம் எதெல்லாம் உங்களிடம் இருக்கிறதோ, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். இனி எழுதமாட்டேன்.

சலேத்மேரி

தூத்துக்குடி
18.11.2024

சலேத்,

இதைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவைக்கிறேன். நீங்கள் இருக்குமிடம் அவருக்கும் தெரியாதாம். தெரியாமலே இருக்கட்டும். காலையில் பேப்பரைப் பிரிக்கும்போதெல்லாம் மனுவேல் பெயர் இருந்துவிடுமோ என்று கடலோரச் செய்தியைத்தான் முதலில் தேடுகிறேன்.

நீ சொன்னபடி அழித்துவிட்டேன். பதினோரு வருடப் புன்னைக்காயல். கோயில் மணி, மீன் ஏலம், உன் பிள்ளைகள் பாடியது, எல்லாம் போயிற்று. கடைசியாக அந்த எட்டு விநாடி. அழிக்குமுன் ஹெட்போனை அழுத்திப் பிடித்து ஒரு தடவை கேட்டேன். முன்பே நூறு தடவை கேட்டதுதான். இந்தத் தடவை எஞ்சினுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. கரையில் நின்று நீ சொல்கிறாய், "பாத்துப் போயிட்டு வாங்க."

இத்தனை நாளும் அது என் காதில் விழவேயில்லை, சலேத்.

அதையும் அழித்துவிட்டேன்.

ஜான்ஹவி