நாற்பத்தாறு சுற்று

அன்புள்ள சின்னவனுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பட்டறையில் வண்டிக்கு அடியில் படுக்கும்போது வெறும் தரையில் படுக்காதே. ஒரு அட்டையாவது விரித்துக்கொள்.

இதை ஃபோனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். ஃபோனில் உன் அண்ணன் பேச்சை எடுத்தாலே, "அண்ணி, அப்புறம் பேசறேன், ஓனர் கூப்பிடறாரு" என்கிறாய். இரண்டு வருடமாக உன் ஓனர் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுகிறார். கடிதத்தின் நடுவில் அவர் கூப்பிட முடியாது.

எனக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது. கூடவே வீட்டு மூலையில் இருக்கும் ஒட்டடையும் தெரிகிறது. மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பிக்கப் வண்டி காலையில் கிளப்பும்போது தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் போடுமே, நினைவிருக்கிறதா? இஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தேய்ந்துவிட்டது, இஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று நீதான் முதலில் சொன்னாய். நம் மரச்சாமான் கடை வாசலில், கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கேட்க, உன் அண்ணன் சொன்ன பதிலை நானும் மறக்கவில்லை. "ஓட்டுறவனுக்குத் தெரியாதது வண்டி துடைக்கிறவனுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்!" அடுத்த வாரம் நீ வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டாய். சத்தம் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

போன மாதம் அது இஞ்சின் சூடான பிறகும் நிற்கவில்லை. தெருமுனை மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சார், இதைப் பிரிச்சா நானும் உங்களோட சேர்ந்து அழணும். எடைக்குப் போட்டுடுங்க" என்றாராம். உன் அண்ணன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "சின்னவன் இருந்தா பிரிச்சிருப்பான். எனக்கு மட்டும் என்ன, கை இல்லையா?" என்றார். இரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து உன் பெயர் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாளே கொட்டகையில் வேலை ஆரம்பமாயிற்று. பழுதுபார்க்கும் புத்தகத்தை நான் உரக்க வாசிக்க வேண்டும், அவர் செய்ய வேண்டும். "டீச்சர், அடுத்த வரி" என்று என்னையே அதட்டினார். ரேடியேட்டர், விசிறி, தண்ணீர் பம்ப் எல்லாம் இறங்கி, கடைசியில் இஞ்சினின் முன்மூடியும் கழன்றது. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை இரண்டாக உடைந்து கிடந்தது. ஆதாரம் இல்லாமல், தேய்ந்து தளர்ந்துபோன செயின் மூடியின் உள்பக்கத்தை உரசி உரசிப் பள்ளமாக்கியிருந்தது. நீ சொன்னது அப்படியே சரி. அவர் உடைந்த பட்டையை மண்ணெண்ணெயில் கழுவி, சமையலறை ஜன்னலில் கொண்டுவந்து வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. டம்ளர் கவிழ்க்க இடம் இல்லை. ஆனால் அதை எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

புதுச் செயினில் இரண்டு கண்ணிகளுக்கு மட்டும் வண்ணம் பூசியிருந்தது. மேல் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி, கீழ்ப் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி. வண்ணக் கண்ணிகள் புள்ளிகளுக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு பல் தவறினாலும் வால்வு பிஸ்டனில் இடித்து இஞ்சினே போய்விடலாம் என்று இவர் எனக்குப் பாடம் நடத்தினார். மாட்டினோம், கச்சிதம். கீழ்ச்சக்கரத்தைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கச் சொன்னது புத்தகம். சுற்றினால் புள்ளிகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன, வண்ணக் கண்ணிகள் வரவில்லை. எங்கோ நடுவழியில் நின்றன. இவர் கழற்றி மறுபடி மாட்டினார். மறுபடியும் அப்படியே. மூன்றாம் தடவையும் அப்படியே ஆனதும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "இது என் கைக்கு வராது" என்றார்.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தவறான விடையை எழுதினால், தவறு பிள்ளைகளிடம் இருக்காது. பெரும்பாலும் நான் போட்ட கேள்வியில்தான் இருக்கும். மூன்று தடவையும் கண்ணிகள் ஒரே இடத்தில் நிற்கின்றன என்றால்? பற்களை எண்ணினேன். கீழே பதினெட்டு, மேலே முப்பத்தாறு. செயினில் தொண்ணூற்றிரண்டு கண்ணிகள்.

ஒருவன் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான், இன்னொருவன் பள்ளிக் கட்டடத்தைச் சுற்றி ஓடுகிறான் என்று வைத்துக்கொள். இருவரும் வாசலில் ஒன்றாகக் கிளம்பியவர்கள். ஒருவன் வாசலுக்குத் திரும்பும்போது மற்றவன் பின்பக்கம் எங்கோ இருப்பான். அதற்காக யாரும் வழி தவறிவிட்டதாக அர்த்தம் இல்லை. ஓடிக்கொண்டே இருந்தால் இருவரும் வாசலில் சந்திப்பார்கள். மீச்சிறு பொது மடங்கு போட்டுப் பார்த்தேன். கீழ்ச்சக்கரம் நாற்பத்தாறு சுற்று சுற்றினால் கண்ணிகள் திரும்பி வர வேண்டும்.

"கணக்கு பேப்பர்ல சரியா வரும். இஞ்சின்ல?" என்றார். சுற்றுங்கள் என்றேன். அவர் சுற்ற, நான் எண்ண, இருபதில் மூச்சு வாங்கிக்கொண்டு, முப்பதில் என்னைத் திட்டிக்கொண்டு, நாற்பத்தாறில் நின்றார். இரண்டு வண்ணக் கண்ணிகளும் தத்தம் புள்ளிக்கு நேராக வந்து உட்கார்ந்திருந்தன. ஒரு கணம் அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆயில் புகை என்றார். இஞ்சின் ஓடவே இல்லை, புகை எங்கிருந்து வரும்?

எல்லாம் மூடி, ஆயிலும் தண்ணீரும் ஊற்றி ஒரு வாரம் ஆகிறது, தம்பி. பேட்டரியும் மாட்டியாயிற்று. ஆனால் அவர் சாவியைத் தொட மாட்டேன் என்கிறார். இன்றைக்கு வெயில், நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். கடைச் சாமான் வாடகை வண்டியில் போகிறது. நேற்று நான் விடாமல் கேட்டதும், தலையைக் குனிந்துகொண்டு, "உன் கணக்கு சரிதான். ஆனா அவன் ஒரு தடவை காதால கேட்டுச் சொல்லணும்" என்றார். பிறகு துணியை நனைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். இந்த ஒரு வாரமாக, காலையில் எழுந்ததும் வண்டியை அவர்தான் துடைக்கிறார்.

அதனால் நீ ஒன்று செய். காலையில் அவர் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் எண்ணுக்கே கூப்பிடு. நான் எழுதியதாகச் சொல்லாதே. வண்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். ஃபோனை பானெட் பக்கத்தில் வைத்துக் கிளப்பச் சொல். உன் காதுக்கு என்ன கேட்கிறதோ அதை அப்படியே சொல். சரியில்லை என்றாலும் சொல், பரவாயில்லை. மறுபடி பிரிப்போம், நான் வாசிக்கிறேன்.

அவர் ஃபோனை எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தால் வைத்துவிடாதே, கண்ணா. சாவி எடுக்கப் போயிருப்பார்.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கும்,
உன் அண்ணி