பத்தொன்பது மேகங்கள்

1986 பிப்ரவரி 10, திங்கள்

பெங்களூரிலிருந்து கட்டு வந்துவிட்டது. தபால்காரர் ஆண்டி அதை சைக்கிள் கேரியரில் வைத்து பாலக்கோடு முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியாக எங்கள் வீட்டில் இறக்கினார். "என்னம்மா இது, கல்லு கட்டி அனுப்பிச்சாங்களா?" என்றார். பச்சைக் கோடு போட்ட கம்ப்யூட்டர் காகிதம். மடிப்பைப் பிரித்தால் கூடத்திலிருந்து கொல்லைப்புறம் வரை போகும்.

அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து இன்றோடு ஐந்து வாரம். இன்னும் மூன்று மாதம் படுக்கைதான் என்று தர்மபுரியில் டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை வீட்டிலிருந்தே செய் என்று அனுமதித்த கேசவமூர்த்தி சாருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஆராய்ச்சி மாணவிக்கு வேறெந்த கைடு இப்படி இடம் கொடுப்பார்?

1986 பிப்ரவரி 13, வியாழன்

அம்மா இன்று தானாகவே ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

1986 பிப்ரவரி 19, புதன்

செய்ய வேண்டியது இதுதான். எங்கள் கட்டுரை பத்திரிகைக்குப் போய்விட்டது. அச்சாகும் முன் அதிலுள்ள அட்டவணையின் ஒவ்வொரு எண்ணையும் இந்தக் கட்டில் வந்திருக்கும் மூலப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒருவர் படிக்க, ஒருவர் டிக் அடிக்க வேண்டும். பெங்களூரில் என்றால் பக்கத்து மேஜையில் யாராவது இருப்பார்கள். இங்கே?

"நான் படிக்கறேன்" என்றாள் பாபி.

நசீர் அண்ணனின் மனைவி ஷகிலா; பாபி என்றால் உருதுவில் அண்ணி. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் உருது. பாபிக்கு பாப்பாரப்பட்டி, அவர்கள் வீட்டில் தமிழ். அதனால் எங்கள் இருவருக்குள் தமிழ்தான். இந்த நோட்டும் தமிழில்தான் எழுதிப் பழகிவிட்டது; அம்மாவும் அண்ணனும் சொல்வதைக்கூடத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

மதியம் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மொதல்ல இது என்னன்னு சொல்லு. தெரியாம படிச்சா தூக்கம் வரும்."

சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன் வானத்துக்கு ஒரு டெலஸ்கோப் அனுப்பினார்கள். அது பார்த்தது வெளிச்சத்தை அல்ல, சூட்டை. அடுப்பில் தோசைக்கல் சிவக்கவில்லை என்றாலும் கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரிகிறதே, அந்தச் சூட்டுக்கும் ஒரு ஒளி உண்டு, அகச்சிவப்பு. நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த டெலஸ்கோப்பின் சொந்தச் சூடே குறுக்கே வரும் என்பதால், திரவ ஹீலியத்தில் அமிழ்த்திக் கடுங்குளிரில் வைத்திருந்தார்கள். ஹீலியம் தீர்ந்ததும் பத்தே மாதத்தில் அதன் பார்வை போய்விட்டது. அதற்குள் ஏறக்குறைய வானம் முழுவதையும் பட்டை பட்டையாகத் தடவி முடித்திருந்தது.

"பத்து மாசம்தானா" என்றாள் பாபி. "பாவம்."

இன்னொன்றும் சொன்னேன். ஒரு புள்ளியைப் பார்த்ததும் அது பட்டியலில் ஏறிவிடாது. சில வினாடி கழித்து, சில மணி கழித்து, சில வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி தெரிந்தால்தான் நம்புவார்கள். இப்படித் தேறியவை இரண்டரை லட்சம். அதில் நாங்கள் தேடியது காலக்ஸிகளை. கோடி கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டங்கள் அவை. இதுவரை எந்தக் காலக்ஸிப் பட்டியலிலும் இல்லாதவை முப்பத்தொன்று எங்களுக்குக் கிடைத்தன. அதில் பத்தொன்பது ஒரே பக்கம் நெருங்கி இருக்கின்றன. ரிஷப ராசிப் பக்கம். தூசிக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு புதுக் காலக்ஸிக் கூட்டம் என்பதுதான் கட்டுரையே.

அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ராமக்காள் கேட்டுக்கொண்டிருந்தாள். "எம் மவனுக்கும் ரிஷப ராசிதான். நல்லதா கெட்டதா?"

"நல்லதுதாங்கக்கா" என்றேன்.

1986 மார்ச் 3, திங்கள்

அட்டவணையில் உள்ள நானூறு காலக்ஸிகளில் இருநூறு முடிந்தது. பாபி வேகமாகப் படிக்கிறாள். தக்காளி மண்டியிலிருந்து வந்த அண்ணன் காகிதத்தைத் தாண்டித் தாண்டி அடுக்களைக்குப் போனான். "வூட்ல ஒரு பைத்தியம் இருந்துச்சு. இப்ப ரெண்டு."

பிறகு சாப்பிடும்போது: இங்கே பெண்கள் பள்ளியில் சயின்ஸ் டீச்சர் வேலை காலியாக இருக்கிறதாம், கரஸ்பாண்டன்ட் இவனுக்குத் தெரிந்தவராம். "வேணாம்னா வேணாம். சும்மா சொன்னேன்." அவன் சும்மா எதையும் சொல்பவன் இல்லை. அம்மா சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

1986 மார்ச் 14, வெள்ளி

எப்படி எழுதுவது. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

இன்று அந்தப் புது முப்பத்தொன்றுக்கு வந்தோம். மூலப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் பெயர், இடம், நான்கு அலைநீளத்தில் நான்கு பிரகாசம்; அதற்குப் பிறகு ஓரத்தில் சின்னச் சின்ன எண்கள் நிறைய இருக்கும். பிரகாசத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஓரத்தில் இருப்பது வேண்டாம் என்று பாபியிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன்.

பாபி படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஜுபைதா, இந்த ஓரத்து நம்பரு எதுக்கு?"

"அது நமக்கு வேணாம் பாபி."

"இல்ல, இத்தன நாளா பாத்துட்டு வரேன். எல்லா வரியிலயும் இந்த எடத்துல ஒண்ணு, ரெண்டு, மிஞ்சினா மூணு. இப்ப வர்றதுல எட்டு, ஒம்போது, எட்டுன்னு நிக்குது. அதுவும் பேரு சைபர் நாலுன்னு ஆரம்பிக்கற வரியில மட்டும்."

பெயரின் முதல் இரண்டு எண், வானத்தில் அது எந்தப் பக்கம் என்பது. சைபர் நாலு ரிஷபம்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எட்டு. ஒன்பது. ஒன்பது. எட்டு. பத்தொன்பதும்.

அந்த எண், புள்ளியைச் சுற்றி நம் சொந்தப் பால்வெளியின் தூசி மேகம் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. ஒன்பதுதான் உச்சம். எட்டு, ஒன்பது என்றால், நீ பார்ப்பது ஒரு பொருளே அல்லாமல் மேகத்தின் ஒரு திட்டாக இருக்கலாம், ஜாக்கிரதை என்று அர்த்தம். பட்டியல் போட்டவர்கள் புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

வானத்தைப் படமெடுத்த போட்டோத் தகடுகளில் அந்த இடங்களில் ஒன்றுமே தெரியவில்லை. தூசி மறைக்கிறது என்று நாங்கள் விளக்கம் சொன்னோம். மறைக்க அங்கே எதுவும் இருக்கவில்லை. தூசி மட்டும்தான் இருந்தது.

பட்டியல் காந்த டேப்பில் வந்தது; கட்டுரைக்காக அதைப் படிக்கும் புரோகிராம் நான் எழுதியது. கம்ப்யூட்டரில் இடம் போதாமல் அதில் ஓரத்து எண்களை நான்தான் வெட்டினேன்; இந்தக் காகிதத்தில் இருப்பது வெட்டாத மூலம்.

1986 மார்ச் 15, சனி

அதுகூடப் பெரிசில்லை. இதை எழுத நேற்று கை வரவில்லை.

அக்டோபர்ல சார் கேட்டார். "எச்சரிக்கை எண்களைப் பார்த்துவிட்டாயா?" பாத்துட்டேன் சார்னு சொன்னேன். வாய்க்கு வந்துடுச்சு. எங்க பாத்தேன்? வெட்டினதே நான். அன்னிக்கு வேற எதையோ கேக்கறார்னு நெனச்சேனா — இல்ல. அப்படி நெனைக்கல. நேரமாகுதுன்னு சொன்னேன். நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொன்னேன். அந்த நாளைக்கு வரவேயில்ல.

அந்த டெலஸ்கோப் ஒவ்வொரு புள்ளியையும் திரும்பத் திரும்பப் பார்த்தது. நான் ஒரு தடவை பார்க்கல.

பேசாம இருந்துடலாமா? யார் கண்டுபிடிப்பாங்க? கண்டுபிடிப்பாங்க. ஒரு வருஷத்துல யாராவது கண்டுபிடிப்பாங்க, சார் பேரோட சேர்த்து.

சாயந்திரம் அண்ணனிடம் அந்த டீச்சர் வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். என் முகத்தையே பார்த்தான். "மொதல்ல என்ன ஆச்சுன்னு சொல்லு" என்றான். சொன்னேன். "மண்டியில ஒரு கூடை அடியில அழுகலா இருந்தா, வாங்கினவன் வந்து கேக்கறதுக்கு முன்னாடி நாமளே போய்ச் சொல்லிடணும். அதுக்கப்பறம் கடைய மூடறதப் பத்திப் பேசலாம்."

1986 மார்ச் 17, திங்கள்

காலை ஒன்பதரைக்குத் தபால் ஆபீசில் டிரங்க் கால் பதிவு செய்தேன். பாபியும் வந்தாள். லைன் கிடைக்கப் பன்னிரண்டே கால் ஆனது. அதுவரை பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் அவள். அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

பேசியது ஆங்கிலத்தில், தமிழில் எழுதி வைக்கிறேன்.

"சார், ரிஷபத்தில் இருக்கும் பத்தொன்பதும் மேகம். எச்சரிக்கை எண் எட்டும் ஒன்பதும்."

அவர் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நீ பார்த்துவிட்டதாகச் சொன்னாயே."

"சொன்னேன் சார். பார்க்கவில்லை."

தபால் ஆபீசில் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். ஆங்கிலம் புரியாவிட்டாலும் குரல் புரியும் அல்லவா.

"மீதிப் பன்னிரண்டு?"

"எண்கள் ஒன்று, இரண்டுதான். ஆனால் அவை நிற்குமா என்று தெரியவில்லை சார்."

"தெரியவில்லை" என்று அவரும் ஒரு தடவை சொன்னார். "அக்டோபரில் இந்த வார்த்தை வேண்டியிருந்தது எனக்கு." பிறகு, "எல்லாவற்றையும் எழுதி அனுப்பு."

அழைப்புக்குக் கொடுத்த மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் பாபி கேட்டாள்: "திட்டினாரா?"

"இல்ல."

"திட்டியிருந்தா தேவலாம்னு இருக்கா?"

ஆமாம்.

1986 மார்ச் 18, செவ்வாய்

ஆறு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். பிழையைக் கண்டது யார் என்பதையும் எழுதினேன்.

1986 மார்ச் 24, திங்கள்

கடிதம் இல்லை.

1986 மார்ச் 27, வியாழன்

இல்லை. எழுபத்தாறு வருடத்துக்கு ஒரு முறை வரும் வால் நட்சத்திரம் எந்தப் பக்கம் தெரியும் என்று தெருவே என்னிடம் வந்து கேட்கிறது. விடியற்காலை, தெற்கே, தாழ்வாக என்கிறேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

1986 ஏப்ரல் 2, புதன்

வந்தது. அடுக்களைக்குப் போய் பாபி முன்னால்தான் பிரித்தேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தின் நகலும் இருக்கிறது. அதில் "எங்கள் பிழை" என்று இருக்கிறது. என் பெயர் தனியாக எங்குமே இல்லை.

எனக்கு எழுதியதில் இரண்டு பத்தி. முதல் பத்தி கடுமை. இனி இப்படி ஒரு "பார்த்துவிட்டேன்" உன்னிடமிருந்து வந்தால் வேறு கைடைத் தேடிக்கொள் என்று எழுதியிருக்கிறார். அது நியாயம். இரண்டாவது பத்தியை மூன்று முறை படித்தேன். "உன் வாயால் கேட்டுத் திருப்தி அடைந்தது என் தவறு. நான் பட்டியலைத் திறந்து ஒரு பக்கம் பார்த்திருந்தால் போதும். மேகம் எப்படிக் காலக்ஸிபோல வேஷம் போடுகிறது என்பதையே நீ எழுதலாம். எல்லாருக்கும் அது தேவைப்படும். மீதிப் பன்னிரண்டும் காலக்ஸிதானா என்று ஒளியைப் பிரித்துப் பார்க்க, நிறமாலை எடுக்க, காவலூர் டெலஸ்கோப்பில் நேரம் கேட்கிறேன்."

அடியில் ஒரு வரி: உன் அண்ணியால் இன்னும் ஒரு கட்டு பார்க்க முடியுமா என்று கேள். முடியாது என்றால் தயங்காமல் சொல்லச் சொல்.

தமிழில் சொன்னதும் பாபி அடுப்பை அணைத்தாள். "யாரு, நானா?" என்றாள். அவ்வளவுதான். திரும்ப அடுப்பைப் பற்றவைத்தாள்.

நான் கொல்லைக்குப் போய் அழுதேன். துக்கம் இல்லை இது.

1986 ஏப்ரல் 21, திங்கள்

அம்மாவை நானும் ராமக்காளும் பிடித்து நிற்க வைத்தோம். "வூட்டுக்குள்ள மேகத்தப் பத்தியே பேசறீங்க, மழயத்தான் காணோம்" என்றாள் ராமக்காள்.

1986 ஜூன் 10, செவ்வாய்

பெருநாள். அம்மா கோலூன்றி வாசல் வரை நடந்து வந்து, தொழுகை முடிந்து வந்த அண்ணனைக் கட்டிக்கொண்டாள். தெருவில் பாதிப்பேர் பார்த்தார்கள். சேமியாப் பாயசம் ராமக்காள் வீட்டுக்கு இரண்டு முறை போனது.

மதியம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ஆடி பொறக்கறதுக்குள்ள பெங்களூரு கெளம்பு. நான் விழுந்ததால உன் படிப்பு விழுந்துச்சுன்னு இருக்கக் கூடாது." டீச்சர் வேலைக்கு வேறு யாரோ சேர்ந்துவிட்டார்களாம். அண்ணன் அதைச் சொல்லும்போது சிரித்த மாதிரி இருந்தது.

1986 ஜூலை 5, சனி

பெங்களூர். ஹாஸ்டல் அறை பூஞ்சை வாசனை. புரோகிராமில் ஓரத்து எண்களைச் சேர்த்துவிட்டேன். வெட்டியபோது இடமில்லை என்றேனே, இடம் இருந்தது. டேப்பை இரண்டு பகுதியாகப் படித்தால் போதும்.

1986 நவம்பர் 20, வியாழன்

காவலூரில் பார்த்ததில் பன்னிரண்டு ஒன்பதாகிவிட்டது. மூன்றும் வெறும் நட்சத்திரங்கள். சாரிடம் போய் அப்படியே சொன்னேன். "ஒன்பது போதும்" என்றார். காலக்ஸிகளுக்கு நன்றி சொல்லும் வழக்கம் உண்டா? இன்று சொன்னேன்.

1987 ஜனவரி 18, ஞாயிறு

பாசஞ்சர் ரயில் ஒன்றரை மணி நேரம் லேட். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. அம்மா கோல் இல்லாமல் கொல்லைப்புறம் போய்க்கொண்டிருந்தாள்.

கூடத்தில் பச்சைக் கோடு போட்ட காகிதம் சுவர் முதல் சுவர் வரை விரிந்திருக்கிறது. கட்டின் மேல் "ஷகிலா, பாலக்கோடு" என்று நேராக அவள் பெயருக்கே சார் அனுப்பிய விலாசம். அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மண்டியில் ஏலம் விடுகிற அதே குரலில் எண்களைப் படிக்கிறான். பாபி பென்சிலோடு குனிந்திருக்கிறாள்.

"சைபர் புள்ளி நாலு எட்டு. ஒண்ணு புள்ளி ரெண்டு. ஓரத்துல மூணு."

"ஓரத்துல ரெண்டுன்னு இருக்கு இங்க. திரும்பப் படிங்க."

"மூணுதான்."

"கண்ணாடியப் போட்டுட்டுப் படிங்க."

அண்ணன் கண்ணாடியைப் போட்டான். "ரெண்டு" என்றான்.

நான் "பாபி" என்று கூப்பிட்டேன். அவள் நிமிரவில்லை. பென்சில் பிடித்த கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

"இரு ஜுபைதா. இந்தப் பக்கம் முடியட்டும்."

பையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.