முருகையன் நினைவுக் கோப்பை

என் ஆசை அண்ணனுக்கு,

உன் பேரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறையில் முதல் கால்பந்துப் போட்டி. உன்னைக் கிளப்பை விட்டுத் துரத்திய அதே தலைவர்தான் உன் படத்துக்கு மாலை போட்டார். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா, எழுந்து போயிருப்பாயா?

இடது ஓரத்தில் நீ பந்தோடு ஓடினால் பிடிக்க ஆளில்லை. சென்னையில் பெரிய அணிக்குத் தேர்வான வாரத்தில் உன் முழங்கால் போனது. முடங்கிக் கிடக்காமல் நம் கிளப்புக்கே கோச் ஆனாய். பிறகு மேனேஜர் வேலையையும் சேர்த்துப் பார்த்தாய். நடவு வேலைக்குப் போகிற வீட்டுப் பையன்கள் மூன்று பேரை அணிக்குள் கொண்டுவந்தாய். அவர்களால்தான் இறுதிப் போட்டிவரை போனோம்.

அந்தப் போட்டி நெருங்கியபோது, அவர்களை உட்காரவைத்துவிட்டு, கமிட்டிக்காரர்களின் பிள்ளைகளை இறக்கச் சொன்னார் தலைவர். "ஆடத் தெரிஞ்சவன்தாங்க ஆடுவான்" என்றாய். மறுநாளே, நீ ஆட்டக்காரர்களை அடிப்பதாக ஒரு புகார் எழுதிக் கொண்டுவந்தார்கள். பொய் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கேப்டன் பதவி என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தாளைப் படித்துவிட்டு, "உன் கையெழுத்து மட்டும் தெளிவா இருக்குடா" என்றாய். ஏன் ஒரு அறை விடவில்லை, அண்ணே?

இறுதிப் போட்டியில் கோல்கீப்பரும் நானே, கேப்டனும் நானே. நான்கு கோல் வாங்கினேன். அந்த மூன்று பையன்களும் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை.

நீ தினமும் நன்னிலம் போய்வந்து, அங்கே பெண்கள் அணிக்குக் கோச்சாக இருந்தாய். இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், சாப்பிட்டியா என்பதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் பயிற்சியின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரிவரை உயிர் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் என் தோளில் கைபோட்டு, "போய்ச் சேந்தவர் விஷயம் இப்ப எதுக்கு தம்பி, பிரியாணி ஆறுது" என்றார். கூட்டம் சாப்பிடப் போய்விட்டது.

மறுநாள் நன்னிலம் போய், உன் அணியின் கேப்டன் பெண்ணிடம், கோல்கீப்பர்களுக்கு நான் பயிற்சி தரட்டுமா என்று கேட்டேன். "சார் உங்களப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்லீங்க. ஆனா எங்களுக்குத் தெரியும். நாங்களே பாத்துக்குறோம்" என்றாள். அவளை என்ன சொல்ல?

நாளைக்கு அந்த மூன்று பேர் வீட்டுக்கும் போகிறேன். வாசலிலேயே நிறுத்தினாலும், நான் செய்ததைச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன், அண்ணே. கேட்டிருக்க வேண்டிய இரண்டு வருடமும் நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய்.

உன் கூடப்பிறந்தவன்,
சேகர்