கொட்டில் சாமிக்கு யார் பங்காளி

1957 பெப்ரவரி 3, ஞாயிறு

பலகாரம் சுட்ட சட்டி இன்னும் ஆறவில்லை. அதற்குள் கல்யாணம் நின்றுவிட்டது.

ராகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து செல்லசாமியும் அவருடைய அம்மா வேலாயியும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பார்ப்பதற்கு இனி என்ன இருக்கிறது? எங்கள் ஸ்டோருக்குத் தேயிலைப் பெட்டி அடிக்க வருகிறவர்தானே அவர். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் நான் தொட்டில் ஆட்டுவதை அவரும், ஆணியை வாயில் கடித்துக்கொண்டே அவர் பேசுவதை நானும் ஒரு வருசமாகப் பார்த்தாயிற்று. எனக்கு இருபத்தாறு வயசு. கந்தப்பளைக் கடைத்தெருவில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் "இன்னும் ஒண்ணும் அமையலியா?" என்றுதான் கேட்கிறார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க வீட்டுல நல்ல காரியம்னா மொதல்ல மேமலையில இருக்கிற கொட்டில் சாமிக்குத்தாங்க பொங்க வைப்போம். இவ அப்பாவப் பெத்தவரு. அந்தக் காலத்துல ஆத்தா எடுத்துக்கிட்ட மனுசன்" என்றாள். அம்மை கண்டவர்களை மலை உச்சியில் புல்லுக் கொட்டில் போட்டு ஒதுக்கிவைத்த வெள்ளைக்காரன் காலத்துக் கதை.

வேலாயி அம்மாவின் கை கிளாசோடு அப்படியே நின்றது. "காட்டோரத்துக் கல்லா?" "ஆமாங்க." "நாங்களும் வருசா வருசம் வந்து அங்கதான் கும்பிடுறோம்."

அவ்வளவுதான். எழுந்துவிட்டார். ஒரே ஆளைக் கும்பிட்டால் ஒரே வீட்டுப் பங்காளிகள், பங்காளி என்றால் அண்ணன் தங்கச்சி முறை. போகும்போது என் தலையைத் தடவி, "இனிமே என்னைய சின்னம்மான்னு கூப்பிடு ஆயி" என்றாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சின்னம்மாவாம்!

பெப்ரவரி 5

சரி, பங்காளியா இல்லையா என்று தெரிந்துகொள்ள என்ன வழி? தாத்தா யார், அவருக்கு அண்ணன் தம்பி உண்டா என்று தெரிந்தால் போதும். இது பெரிய காரியமா? அப்பாவிடம் கேட்டேன்.

"தெரியாது."

"பேராவது?"

"தெரியாதுங்கிறேன்ல."

பெற்ற தகப்பன் பேர் தெரியாத மனுசனை நான் இன்றுதான் பார்க்கிறேன். அதுவும் என் அப்பா பொன்னையா. இவர் வயிற்றில் இருக்கும்போதே தாத்தா கொட்டிலில் போய்விட்டாராம். பாட்டி புருசன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். அவளும் இவருக்கு விவரம் தெரியுமுன்னே கண்ணை மூடிவிட்டாள். அம்மையில் போனவர் பேரை மற்றவர்களும் சொல்ல மாட்டார்கள். பிரஜா உரிமைக்கு எழுதிப்போட்டபோது தகப்பன் பேர் கேட்டதற்கு இவர் முழித்தாராம். கிளாக்கர் தானாகவே 'கறுப்பன்' என்று போட்டுக்கொண்டாராம். யார் அந்தக் கறுப்பன்? அவனுக்கும் எங்களுக்கும் என்ன உறவு?

கேட்டால் அம்மா என்னைத்தான் ஏசுகிறாள். செத்தவங்களைத் தோண்டாதேயாம்.

பெப்ரவரி 10

பழனியாண்டிக் கிழவனிடம் போனேன். பழைய வாச்சர். இந்தத் தோட்டத்திலேயே வயதில் மூத்தவர் அவர்தான், அம்மை வந்த வருசம் சின்னப் பையனாக இருந்திருக்கிறார். வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன். நன்றாக மென்றார். விசயத்துக்கு வந்ததும் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பேரைக் கேக்காத புள்ள. பேரைச் சொன்னா ஆத்தா திரும்பிப் பார்ப்பா."

"பேரு வேணாம் தாத்தா. கூடப்பொறந்தவங்க உண்டான்னு மட்டும் சொல்லுங்க."

மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கன்னத்தில் நானே இரண்டு போட்டிருப்பேன். வெற்றிலையைத் திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

"ஏது அண்ணன் தம்பி! பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுத் தனியா வந்தவன். கூடப்பொறந்தது இருந்தா கொட்டிலுக்கு வேத்தாளு எதுக்குக் கஞ்சி கொண்டு போறான்?"

"எந்த வேத்தாளு?"

"தழும்பு விழுந்த ஆளு. ஒருக்கா ஆத்தா விளையாடிட்டுப் போனவன்கிட்ட மறுபடி வரமாட்டா. அதனால அவனைத்தான் அனுப்புவாங்க." அத்தோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆக, தாத்தாவுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. பிறகு எங்கிருந்து வந்தான் பங்காளி?

பெப்ரவரி 11

அப்பாவிடம் சொன்னேன். "வெத்தலைக்குப் பேசுற கிழவன் பேச்சு" என்றார். அப்பாவோடு பேசுவதை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

பெப்ரவரி 19

இன்று பெட்டி அடிக்க வந்தார். பிள்ளைக் காம்பரா பக்கம் தலை காட்டாமல் போகப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. விட்டுவிட்டு ஓடினேன்.

"என்னங்க, தங்கச்சின்னு ஒதுங்கிப் போறீங்களா?"

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார். முகம் செத்துப்போயிருந்தது. "அம்மாகிட்ட என்ன கேட்டாலும் அழுகைதான். நான் என்ன செய்ய?"

என்ன செய்யவா? ஆம்பளை! நானே கேட்டேன். உங்கள் வீட்டில் எப்படிக் கும்பிடுவீர்கள்? பொங்கலா, கோழியா?

"பொங்கல் கிடையாது. விளக்கே ஏத்த மாட்டோம். சூடம் சாம்பிராணி எதுவும் கூடாது, நெருப்புன்னு ஒண்ணு இருக்கவே கூடாது. மாசி மாசத்துல அம்மாதான் போகும். கல்லு மேல ஒரு குடம் தண்ணி ஊத்திட்டு வந்துரும். எங்களையெல்லாம் தள்ளி நிக்கச் சொல்லிரும்."

எந்த ஊரில் தகப்பன் பாட்டனுக்கு விளக்கேற்றாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறார்கள்? பங்காளி என்றால் எங்களைப் போலத்தானே கும்பிட வேண்டும்?

"உங்க தாத்தா எப்படி இருப்பாரு?"

"நான் பார்த்ததில்ல. மூஞ்சி பூரா அம்மைத் தழும்புன்னு அம்மா சொல்லும். முந்தி இந்தத் தோட்டத்துலதான் இருந்தாராம்."

பால் பொங்கி அடுப்பு அணைந்துபோயிருந்தது. காம்பராவில் எனக்கு மேலே இருக்கிற பெரியாயா பிடித்துக் கிழித்தாள். கிழிக்கட்டும்.

பெப்ரவரி 24

செல்லசாமியின் தாத்தா தழும்பு ஆள் என்றால், கொட்டிலுக்குக் கஞ்சி கொண்டுபோனவர் அவர்தான். சொந்தமில்லாத ஆளுக்கு வருசா வருசம் ஏன் தண்ணீர் ஊற்ற வேண்டும்? சொந்தமில்லை என்று தெரிந்துகொண்டே அந்தம்மா ஏன் பங்காளி என்று பொய் சொல்ல வேண்டும்? என்னைப் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவதுதானே! அதற்கு ஒரு செத்த மனுசனையா இழுப்பது?

மார்ச் 3, ஞாயிறு

ராகலைக் கோயிலுக்கு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி நெடுக அம்மா பெருமூச்சு. பொம்பளைப் பிள்ளை தானே மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறினால் ஊர் என்ன சொல்லும்? ஊர் ஏற்கெனவே சொல்லாததா?

வேலாயி அம்மா லயத்து வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீரை கீழே விழுந்தது.

"சின்னம்மான்னு கூப்பிட வரல" என்றேன். "உங்க மாமனார்தானே கொட்டிலுக்குக் கஞ்சி கொண்டு போனவரு? அப்புறம் எங்க இருந்து பங்காளி வந்துச்சு? என்னையப் புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க."

அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள். வேலாயி அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "ஒன்னையப் புடிக்காம இல்ல தங்கம். கும்பிடுற இடத்துக்கு ஒரு வாரிசு இருக்குன்னே எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. தெரிஞ்சதும் பயந்துட்டேன். வாயில வந்தது பங்காளிதான்."

பிறகு சொன்னதை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

கொட்டிலில் ஆள் முடிந்துவிட்டால் உள்ளே போகக்கூடாது, ஆளோடு கொட்டிலையும் கொளுத்திவிட வேண்டும். அதுதான் அந்தக் காலத்து உத்தரவாம். அன்றைக்குக் காலையில் அந்தம்மாவின் மாமனார் கஞ்சிச் சட்டியை வெளியே வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். சத்தமில்லை. கீழே வந்து சொன்னார். கங்காணி போய்க் கொளுத்து என்றான். கொளுத்தினார். கூரை பிடித்துக்கொண்ட பிறகு உள்ளே இருந்து சத்தம் வந்ததாம். தண்ணி, தண்ணி என்று.

மூன்று பக்கமும் ஓடை. காலையில் வைத்த கஞ்சிச் சட்டிகூட வெளியே இருந்தது. ஆனால் ஓடிவிட்டார். அந்தத் தோட்டத்தை விட்டே போய்விட்டார். சாகும்போது மருமகளிடம் சொல்லி, தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிடாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"ஒன் அப்பாகிட்ட நீங்க சொல்லிறாதீங்க. நானே வந்து அவரு மூஞ்சியப் பார்த்துச் சொல்றேன். அவருக்குன்னு இன்னும் ஒண்ணு வச்சிருக்கேன்" என்றார் அந்தம்மா.

மார்ச் 6

அம்மா வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்பா தண்ணீர் கேட்டால்கூட அழுகிறாள். "ஒனக்கு என்னடி கேடு?" என்று அவர் கத்துகிறார்.

மார்ச் 10, ஞாயிறு

வந்தார். வேலாயி அம்மா தனியாகத்தான் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், அந்தச் சத்தம் வந்ததையும் சேர்த்து. அதை விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை.

அப்பா எழுந்து போய்க் கோழிக்கூட்டைத் திறந்தார். கோழிகள் எல்லாம் வெளியேதான் மேய்ந்துகொண்டிருந்தன. மறுபடி மூடினார்.

"எங்கப்பன உசுரோட எரிச்ச வீட்டுக்கு எம் மகளக் குடுக்கணுமா?"

"பொண்ணு கேக்க வரலீங்க. சொல்ல வந்தேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "தண்ணி ஊத்தும்போது பேரைச் சொல்லித்தான் ஊத்தணும்னு மாமனார் சொல்லியிருக்காரு. மாயாண்டி, தண்ணி குடிய்யான்னுதான் ஊத்துவேன். அவரு பேரு மாயாண்டிங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார். "என்ன பேரு?"

"மாயாண்டி."

"போயிட்டு வாங்க" என்றார்.

மார்ச் 11

பங்காளி என்றாலும் கூடாது. பகையாளி என்றாலும் கூடாது. பிறகு நான் எந்த முறையில்தான் கட்டிக்கொள்வது? எல்லாரும் செத்த மனுசனைப் பற்றியே பேசுங்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

எழுதிவிட்டேன். எழுதியதும் கொட்டில் நினைவு வந்தது. எனக்கே கேவலமாக இருக்கிறது. ஆனாலும் அழிக்க மாட்டேன்.

மார்ச் 17

அப்பா பேசுவதில்லை. விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். ஒரு வாரம் இப்படி. ஏசினாலாவது பதிலுக்கு ஏசலாம்.

மார்ச் 21

பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்திருக்கிறாள். அப்பா வேலையை விட்டுவிட்டுக் காட்டோரம் அந்தக் கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தாராம். "என்னமோ பேசிக்கிட்டிருந்தாருடி. கிட்ட போனேன். அப்பா, அப்பான்னுகிட்டு இருக்காரு."

அறுபது வயசில் முதல் தடவை அப்பா என்று கூப்பிடுகிறார். தொட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். பிள்ளைகளும் சேர்ந்து அழ, பெரியாயா இன்றைக்கும் பிடித்துக் கிழித்தாள்.

மார்ச் 22

சோறு போடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பெட்டி அடிக்கிற பையன் இன்னமும் வர்றானா?"

"வர்றாரு."

"ம்."

ம் என்றால் என்ன அர்த்தம்? யாராவது சொல்லுங்களேன்.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ராகலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். சாயந்தரம் வந்தார். நானும் அம்மாவும் வாசலிலேயே நிற்கிறோம். கால் கழுவுகிறார், முகம் கழுவுகிறார், துண்டைத் தேடுகிறார். பொறுமை போய்விட்டது.

"என்னதாம்ப்பா சொல்லிட்டு வந்தீங்க?"

"எரிச்சவன் வீட்டுல பேரைக் காப்பாத்தி வச்சிருக்காங்க. நாம பொங்கலும் சூடமுமா வச்சுப்புட்டு பேரைத் தொலைச்சிட்டோம். நான் யாரைப் போயி ஏசுறது?" பிறகு அம்மாவைப் பார்த்து, "இவளுக்கு நல்லதா ஒரு ரவிக்கை தைக்கச் சொல்லு" என்றார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பரிசம் போட்டார்கள். ரவிக்கை கை இறுக்கம். டெய்லரிடம் தலைபாடாகச் சொன்னேன், கேட்டால்தானே! மழை வேறு. லயத்து வாசலில் பந்தல் ஒழுகி, வந்தவர்கள் எல்லாம் ஒரே மூலையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

தாம்பாளம் மாற்றும் முன்னால் கோயில் தலைவர் வழக்கம்போல் சபையில் கேட்டார்: "பொண்ணு யாரு பேத்தி, யாரு மக?"

அப்பா எழுந்து நின்றார். "மாயாண்டி பேத்தி. பொன்னையா மக நாகலெட்சுமி."

பழனியாண்டிக் கிழவனுக்கு வாய் பிளந்துவிட்டது. இரண்டு கையும் கன்னத்துக்குப் போயின. வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டார்கள். அப்பா அதை எதையும் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த வேலாயி அத்தையைப் பார்த்துக் கேட்டார்:

"சரியாச் சொன்னேனா, சம்பந்தி?"