மூன்றாம் ஓலை

சேசு மரி சூசை துணை

கொழும்புத் துறைமுகம்,
1911 செப்டம்பர் 12

அன்புள்ள நேசராணிக்கு, அத்தான் பாக்கியநாதன் கப்பலிலிருந்து எழுதுவது.

நேற்று விடியுமுன் சொல்லாமல் புறப்பட்டு வந்ததற்கு மாமாவிடம் என் சார்பாக மன்னிப்புக் கேள். சமையலுக்கு ஆள் இல்லையென்று கப்பலில் அவசரமாகக் கூப்பிட்டார்கள். கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல். கோபிக்காதே.

உன்
பாக்கியநாதன்


பதுளை,
செப்டம்பர் 14

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். பழுதுபார்க்க நிறுத்திவைத்த கப்பல், இருபத்தெட்டாம் தேதிதான் கிளம்பும், அதுவரை ஐந்து வாரம் எனக்கு லீவு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இப்போது யாருக்குச் சமைக்கிறீர்கள், நங்கூரத்துக்கா?

மாப்பிள்ளை ஓடிவிட்டாரா என்று பசறைச் சித்தி கேட்கிறாள். கோயிலில் நம் கலியாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிற ஞாயிறு மூன்றாவதை வாசிப்பேன் என்கிறார் சாமியார். போன வாரம் "இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று அவர் கேட்டபோது உங்களுக்கு வேர்த்துக் கொட்டியதை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆம்பளைக்கு இவ்வளவு பயமா என்று சிரித்தும் விட்டேன்.

என்னிடம் ஏதாவது குறை கண்டிருந்தால் எழுதிவிடுங்கள்.

நேசராணி


கொழும்புத் துறைமுகம்,
செப்டம்பர் 15

நேசராணி,

என்னை யாரும் கூப்பிடவில்லை. கப்பலில் நானும் காவல்காரர் ஷுக்ரியும்தான் இருக்கிறோம். "லீவு முடியலியே, ஏன் வந்தே?" என்று அவர் கேட்டதற்கும் பொய்தான் சொன்னேன்.

ரங்கூனில் எனக்கு மனைவி இருக்கிறாள். கோயிலில் வைத்துத்தான் தாலி கட்டினேன். மூன்று வயதில் பெண் குழந்தையும் இருக்கிறது. அவர்கள் நம் ஆட்கள் இல்லையென்பதால் அம்மாவிடம் மறைத்தேன். அம்மா உன்னைப் பேசி முடித்தபோது, நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாளைக் கடத்தினேன். சாமியார் கேட்டபோது தடை தெரிந்தவன் அந்தக் கோயிலில் நான் ஒருவன்தான். நான் எழுந்திருக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், கேட்கவே கூசுகிறது. உனக்கு மனமில்லை என்று நீயே சாமியாரிடம் சொல்லிவிடு. அம்மாவுக்கு எதுவும் தெரியாமல் போகும். இதைக் கிழித்துப் போடு.

பாக்கியநாதன்


பதுளை,
செப்டம்பர் 17, ஞாயிறு

பாக்கியநாதன் அவர்களுக்கு,

கடிதம் நேற்று மாலை கிடைத்தது. அப்பாவிடம் காட்டினேன். ஊர் சிரிக்கும், மனமில்லை என்றே சொல்லிவிடு என்று அவரும் சொன்னார். எல்லாருக்கும் அதுதான் வசதியாக இருக்கிறது.

இன்று பூசையில் மூன்றாம் ஓலை வாசித்துத் தடை உண்டா என்று கேட்டார்கள். நான் எழுந்து, "எனக்குத் தெரியும் சாமி" என்றேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உங்கள் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தப்புச் செய்தவள் நானே என்பது போலப் பார்த்தார்கள். அப்பா எனக்கு முன்னாலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் உங்கள் அம்மா வந்தார்கள். வெகுநேரம் அழுதார்கள். போகும்போது, "பேத்திக்கு என்ன பேர்னு எழுதிக் கேளும்மா" என்றார்கள். அவர்களுக்கே எழுதுங்கள், எனக்கு வேண்டாம்.

நீங்கள் சொல்லச் சொன்ன பொய் சின்னதுதான். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. எனக்கு மனமிருந்தது.

நேசராணி