அக்கார்டியன் பெட்டியின் சாவி

என்னங்க,

தூங்கற மாதிரி நடிச்சா நான் என்ன பண்றது? அதான் எழுதி வெச்சுட்டு மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பறேன். சாப்பாடு மேசை மேல மூடி இருக்கு. என் மேல இருக்கற கோபத்தை அதுமேல காட்டாதீங்க.

நாலு மணிக்கு அக்கார்டியனை வாங்க ஆள் வருதாமே. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியுது.

பாட்டுக் குழுவுலேருந்து உங்களை நிறுத்தின அன்னிக்கே, "இனிமே இந்தப் பெட்டி எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு?"ன்னு கேட்டுட்டேன். என் நாக்குல சனி. அதுக்காக வித்துடுவீங்களா? காலையில காப்பியில உப்பைப் போட்டுட்டேன். இன்னிக்கு யாருக்கு எந்த மாத்திரையை எடுத்துக் குடுக்கப் போறேனோ.

உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வேண்டாங்க. வாங்க வர்றவர் முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்ல முடியலன்னா கதவையே தொறக்காதீங்க.

அக்கார்டியனை அதோட பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன். சாவியைத் தேடாதீங்க, கிடைக்காது.

பி.கு.: மனசு கேக்கல, சொல்லிடறேன். சாவி அந்த இந்திப் பட இசைத்தட்டோட உறைக்குள்ள இருக்கு. கல்யாணமான புதுசுல ஒரு வார்த்தை புரியாம நான் வாய்க்கு வந்ததைப் பாடுவேன், நீங்க சிரிச்சுக்கிட்டே கூட வாசிப்பீங்களே, அதே தட்டு. சாவியை எடுக்கறப்ப தட்டையும் எடுத்து, ரெண்டாவது பக்கத்தை ஒரே ஒரு தடவை போட்டுக் கேளுங்க.

இடமில்லாம ஓரத்துல எழுதறேன்: முதல் பாட்டு நடுவுல அக்கார்டியன் வருமே, அந்த இடத்துல உங்க விரல் சும்மா கிடந்துச்சுன்னா பெட்டியோட அவருக்கே குடுத்துடுங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.