மீன்காரியின் கண்ணில் நீ இல்லை

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. வீட்டில் நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போல முதல் வரியிலேயே கேட்க இந்தத் தடவை கை வரவில்லை. முடிவில் கேட்கிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

நீ அனுப்பிய பிலிம் சுருள்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஸ்டூடியோ எப்போதும்போல ஓடுகிறது. அத்தான் முன்னறையில் படம் எடுக்கிறார். நான் இருட்டறையில் கழுவி, பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து முகங்களைத் திருத்துகிறேன். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு என்று ஊரார் முகத்தையெல்லாம் தூரிகையால் துடைத்துத் துடைத்தே என் கண் பூத்துப்போகிறது. நேற்று ஒரு அம்மாள் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தாள். மூக்க மட்டும் கொஞ்சம் கொறச்சுக் குடும்மா என்றாள். மூக்கைக் குறைத்தால் போகிற ஊரில் இறங்க விடமாட்டார்கள் என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ போயிருக்கும் நகரத்தைப் பற்றி முதலில் எழுதியது எனக்கு மனப்பாடம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் சந்து சந்தாகத் தெருக்கள். தரையில் ஒரு பட்டை வெயில்தான் விழும். அதற்குள் கால் வைக்கிறவன் முகம் ஒரு நொடி பளிச்சென்று தெரியும், அடுத்த அடியில் இருட்டில் போய்விடும். படம் பிடிப்பதற்கென்றே கட்டிய ஊர் அக்கா என்று எழுதினாய். யாரும் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காத ஊர் என்றும் எழுதினாய். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சுருள்களில் எல்லோரும் உன்னை முறைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பாலத்தடியில் மீன் விற்கிறவள் கத்தியை ஓங்கி, எவன்டா அவன், கேக்காம கொள்ளாம படம் புடிக்கிறவன் என்று கூச்சல் போட்டாளாமே. நீ மீன் வாங்கி அவளைச் சமாதானம் செய்து, அந்த வெயில் பட்டையில் நிற்க வைத்து எடுத்த முகம் இருக்கிறதே, அதற்காக நீ செய்த மற்ற அசட்டுத்தனங்களையெல்லாம் மன்னிக்கலாம். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த செதில்கூட மின்னியது.

முகம் திருத்துகிறவள் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவள் கருவிழிக்குள் ஒரு கீற்று வானம், அதன் முன்னால் கடுகளவுக்குக் கறுப்பாக நீ. காலை அகட்டிக்கொண்டு, முழங்கையை விரித்துக்கொண்டு, அச்சு அசல் நீயேதான். சிரித்துவிட்டேன்.

சிரித்துவிட்டு அழித்தேன். வாடிக்கையாளர் கண்ணில் கறுப்பாக எது நின்றாலும் எடுத்துவிட்டு வெள்ளைப் புள்ளி வைப்பதுதானே நம் கடை வழக்கம்? புள்ளி வைத்தால்தான் முகத்துக்கு உயிர் வரும் என்று உனக்கும் நான்தானே சொல்லிக் கொடுத்தேன். அந்த ஊரில் நீ வைத்த கண்காட்சிக்குக் கேட்ட படங்கள் எல்லாவற்றிலும் அப்படியே செய்தேன். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் உன்னை ஒற்றி எடுத்தேன். அந்த ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று நீ சந்தோஷமாக எழுதினாய்.

அதற்குப் பிறகு வந்த சுருள்களில் நான் அழிக்க வேண்டிய வேலையே இல்லை. முதலில் மங்கலாக இருந்தாய். பிறகு தோளுக்கு மேல் காணோம். இப்போது வந்ததில் அதே மீன்காரி, அதே பாலத்தடி, நேராக லென்ஸைப் பார்க்கிறாள். கண்ணுக்குள் வானம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, சுவரில் ஒட்டிய சுவரொட்டிகூட இருக்கிறது. நீ இல்லை. மறைக்க ஆளில்லாததால் பின்னால் இருப்பதெல்லாம் தெரிகிறது.

அத்தான் முதலில் கேலி செய்தார். கண்ணாடிய மாத்து, வயசாச்சுல்ல என்றார். பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு முன்னறைக்குப் போய் விளக்குகளையெல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

உன் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படித்தேன். எல்லாவற்றையும் வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறாய். இப்போதெல்லாம் மூக்குக்கு நேரே கேமராவை நீட்டினாலும் ஒருத்தரும் திரும்புவதில்லை, தெருவில் படம் எடுப்பவனுக்கு இதைவிட வரம் உண்டா என்கிறாய். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவன் உன் இலையைத் தாண்டிப் போய்விடுகிறானாம். பேருந்தில் ஒருவர் உன் மடியிலேயே உட்கார வந்தாராம். எனக்குச் சிரிப்பு வரவில்லையடா.

மனம் கேட்காமல் நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். மாடி ரூமா, அது ரொம்ப நாளா காலியாத்தாங்க கெடக்கு, உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, சுத்தம் பண்ணித் தரேன் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ படியேறுகிற சத்தம் கேட்டது. உன் நடை எனக்குத் தெரியாதா? ஒரு செருப்பை இழுத்து இழுத்து வைப்பாயே. யார் போவது என்று கேட்டேன். யாரும் இல்லையே என்றார்.

நேற்று மெல்லிய தூரிகையால் மீன்காரியின் கண்ணில் உன்னை வரைந்து வைத்தேன். கால் அகட்டியபடி, முழங்கை விரித்தபடி. இன்று காலையில் பார்த்தால் வரைந்த இடத்தில் நீ இல்லை. நம்மால் அழிக்கத்தான் முடிகிறது போலிருக்கிறது.

என்னை வேண்டுமானால் பிறகு திட்டிக்கொள். இப்போது நான் சொல்வதைச் செய். இந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாலத்தடிக்குப் போ. மீன்காரியிடம் கேட்காமல் படம் எடு. கூடையைத் தட்டி விடு. என்ன செய்தாவது அவளிடம் ஒரு திட்டு வாங்கு. அவள் திட்டினால் அன்றைக்கே எனக்குப் போன் செய்துவிட்டு ரயிலேறு. திட்டாவிட்டால் போன்கூடச் செய்யாதே, பெட்டியையும் எடுக்காதே, நேரே ரயிலேறு. சீட்டுக் கேட்டு யாராவது உன்னை எழுப்பினால் அது எந்த ஊர் என்று பார்த்து வைத்துக்கொள். அதற்கு இந்தப் பக்கம் உனக்குப் பயமில்லை.

நீ கேமரா பிடித்துப் பழகிய புதிதில் என்னை ஒரு படம் எடுத்தாயே, அது இன்னும் கல்லாவுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறது. என் முகத்தை நானே திருத்துவதா என்று அதில் நான் தூரிகையே வைக்கவில்லை. இரண்டு கண்ணிலும் ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு முன்னால் நீ இருந்தாய். இன்று காலையில் அதை இறக்கித் துடைத்தேன். இடது கண்ணில் ஜன்னல் மட்டும் இருக்கிறது.

வலது கண்ணில் இன்னும் நிற்கிறாய், தம்பி. நலமாக இருக்கிறாயா? வந்துவிடு.

அந்தப் படத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கும்,
உன் அக்கா